தூக்கணாங்குருவியும் கட்டைக் காளானும்

உலகத்துப் பொருள்களை உயர்ந்தவை என்றும் தாழ்ந்தவை என்றும் இரு கூறாகப் பிரித்து வைப்பதில் மனிதன் மிக்க ஆர்வம் உடையவன். மரங்களில் அரசு உயர்ந்தது, எட்டி தாழ்ந்தது; பறவைகளில் கருடன் உயர்ந்தது, காக்கை தாழ்ந்தது; விலங்குகளில் பசு உயர்ந்தது, கழுதை தாழ்ந்தது. இத்தகைய முடிபுகளை நாம் தாய்ப்பாலுடன் சேர்த்தே அருந்தி வளர்ந்திருக்கிறோம். இம்முடிபுகளைச் செய்தவர் யார், எந்த ஆராய்ச்சியின் மேல் செய்தனர், இவற்றால் யாருக்கு இலாபம் என்று கேட்பார் இல்லை. பொருள்களிடத்துப் பழகிய இப்புத்தி பின்னர் மனிதரிடத்தும் பாய்ந்துவிடுகிறது. அதுவே நம் கவலை.

இக்கவலையால் தூண்டப்பெற்று இரண்டு சிற்றுயிர்களை ஈண்டு ஒப்பிட்டுக் காட்ட முற்படுகிறோம். ஒன்று தூக்கணாங்குருவி, மற்றொன்று செத்த மரத்தின்மேல் முளைக்கும் கட்டைக் காளான். குருவிக்குச் சிறகு உண்டு, குரல் உண்டு, புலவர் பாட்டில் இடமும் உண்டு. காளானுக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. 'மலைக்கும் மடுவுக்கும் ஒப்பா?' என்று அன்பர்கள் நகைக்கக் கூடும். நகைத்த பின்னர்ப் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம். இவ்வொப்பீடு பொழுதுபோக்குக்காகப் பிறந்ததன்று. ஒரு வீட்டில் நடந்த வழக்கிலிருந்து பிறந்தது. அவ்வழக்கைப் பின்னர்க் கூறுவாம்.

தாப்பாவின் இரு குடிகள்

பேராக் மாநிலத்துப் பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைமை நகர் தாப்பா. கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை இங்கிருந்துதான் புறப்படுகிறது. 1893ஆம் ஆண்டில் தாப்பா ரோட்டிலிருந்து, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் அன்சனுக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. உள்நாட்டு ஈயத்தை ஆற்றுத் துறைக்குக் கொண்டு சேர்க்கவே அப்பாதை வேண்டியிருந்தது. ஈயத்தின் பின்னே ரப்பர் வந்தது. காட்டை வெட்டவும், கன்று நடவும், பால் வெட்டவும் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தனர்.

மண்ணைக் கழுவி ஈயம் எடுத்தவர்கள் விட்டுச் சென்ற பள்ளங்களில் மழைநீர் நிரம்பி ஈயக்குட்டைகள் ஆயின. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபோது, அதுவரை நடந்து வந்த சுரங்கங்களும் பல மூடப்பட்டன. வெறும் மணலும் நீருமாய்க் கிடந்த அந்நிலத்தில் நாளடைவில் நாணலும் கோரையும் லாலான் புல்லும் எழுந்தன. அவற்றின் பின்னே பறவைகள் வந்தன. குட்டைக்கரை மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு தொங்கவிட்டன.

ரப்பரின் கதை வேறு. பால்மரம் 25 அல்லது 30 ஆண்டுகள் பால் சுரந்தபின் வெட்டப்படும். முன்னாளில் அவ்விடத்தில் மறுபடியும் ரப்பர்க் கன்றே நட்டனர். பின்னாளில் பெரும்பாலும் செம்பனை நட்டனர். சில இடங்களில் வீடுகள் எழுந்தன. மரம் விழுந்தபோது லயத்தில் இருந்தவர்கள் மூட்டை கட்டினர். விழுந்த மரத்தின்மேல் காளான் குடியேறியது. ஆகவே தாப்பாச் சுற்றுப்புறத்தில் மனிதன் பயன்கொண்டு கைவிட்ட நிலத்துக்கு உரிமை கொண்டாட வந்த இரு குடிகள் இவை எனலாம். ஒன்று ஈயம் போன இடத்தில் வந்தது. மற்றொன்று ரப்பர் போன இடத்தில் வந்தது.

குருவியின் புகழ்

தூக்கணாங்குருவியைத் தமிழர்க்கு அறிமுகம் செய்விக்க வேண்டுவதில்லை. குறுந்தொகையிலேயே நெடிய பனையில் இக்குருவி தொடுத்த கூடு உவமையாக வந்திருக்கிறது. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லித் தன் கூட்டை இழந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். மலாய் மக்களிடத்தும் இதற்குப் பெருமை உண்டு. அவர்கள் இதனைத் 'தெம்புவா' என்பர். காரணம் ஒன்று இல்லாமல் தெம்புவா தாழக் கூடு கட்டுமா என்பது அவர்களுடைய பழமொழி. அதன் உண்மையை நேரில் காணலாம். குளவிக் கூட்டுக்கும் முசுட்டெறும்புப் புற்றுக்கும் அருகே கூடு கட்டுவது இந்நாட்டுத் தூக்கணாங்குருவியின் வழக்கம். கொட்டும் உயிரும் கடிக்கும் உயிரும் காவலாய் இருக்குமாயின் உயரத்தைப் பற்றி அது கவலைப்படுவதில்லை.

கூட்டின் வேலைப்பாடோ வியக்கத்தக்கது. ஆண்குருவி புல்லின் இலையையும் நெல்லின் இலையையும் பனையோலையையும் விளிம்பில் கடித்து, நீளமாக நார் கிழித்து எடுக்கும். பச்சை நாரையே கொள்ளும். ஏனெனில் காய்ந்த நார் முறியும். கிளை நுனியில் முடிச்சிட்டு, வளையம் அமைத்து, வளையத்தின் ஒரு புறத்தில் முட்டையறையும் மறுபுறத்தில் நீண்ட குழாய் வாயிலுமாகப் பின்னிக்கொண்டு போகும். முழுக்கூட்டையும் முடிக்க ஏறக்குறைய 18 நாள் செல்லும். கையும் ஊசியும் இன்றி அலகு ஒன்றையே கொண்டு செய்யும் வேலை இது.

இவ்வளவு உண்மையான பெருமை இருக்கவும், நம்மவர் பொய்ப் பெருமை ஒன்றையும் இதன்மேல் ஏற்றினர். கூட்டினுள் ஈரமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றுகிறதாம்! கூட்டினுள் மண் ஒட்டியிருப்பது மெய். மின்மினி விளக்கு எரிவது பொய். காற்றில் கூடு அலையாதிருக்கக் கனம் சேர்ப்பதற்கே அம்மண் என்று சிலரும், வேறு காரணம் கூறிச் சிலரும் ஆராய்ந்து வருகின்றனர். ஆராய்ச்சிக்கு இடமுள்ள இடத்தில் அற்புதத்தைக் கொண்டுவந்து அடைப்பது நம் பழைய நோய். அற்புதத்தை நம்பியவன் கூட்டைப் பிரித்துப் பார்க்கமாட்டான், பார்த்தவனையும் ஏசுவான்.

மேற்சொன்ன குரங்குக் கதையையும் சற்று நோக்குக. 'தாழ்ந்தோர்க்கு அறிவு புகட்டாதே. புகட்டினால் உனக்கே கேடு' என்பதன்றோ அதற்குச் சொல்லப்படும் நீதி? இந்த நீதியைப் பாடமாக ஒப்பித்த சமூகத்தில் பெரும்பாலோர்க்குப் பள்ளிக்கூடம் அடைபட்டுக் கிடந்ததில் வியப்பில்லை.

காளானின் தொழில்

இனிக் காளானைக் காண்பாம். வெட்டிப் போட்ட ரப்பர் மரத்தின்மேல் முளைப்பவை பலவகை. அவற்றுள் நாம் இங்கே எடுத்துக்கொள்வது மிகச் சிறியது. சாம்பல் கலந்த வெண்ணிறம் உடையது. காம்பின்றி விசிறி போல் விரிவது. மேலே மயிரடர்ந்து கீழே சீப்புப் போன்ற வரிகள் கொண்டது. ஒவ்வொரு வரியும் நடுவே இரண்டாகப் பிளந்திருக்கும். ஃப்ரீஸ் என்னும் ஸ்வீடன் நாட்டறிஞர் 1815இல் இதற்கு 'ஷிஸோபில்லம் கொம்யூன்' என்று பெயரிட்டார். 'கொம்யூன்' என்பதற்குப் பொதுவானது என்பது பொருள். அண்டார்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இது காணப்படுவதால் அப்பெயர் முற்றும் தகும். மலாய் மக்கள் இதனைத் தேங்காய் துருவியின் பெயரால் 'குக்குர்' என்றும், சீப்பின் பெயரால் 'கூலாட் சிசிர்' என்றும் அழைப்பர். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் இட்டுச் சமைத்து உண்பர். நம் தோட்டத்து வீடுகளிலும் இதை ஆய்ந்து கழுவிக் குழம்பு வைத்தவர் உண்டு. 'பிணத்தின்மேல் முளைத்ததை உண்பதா?' என்று முகம் சுளித்தவரும் உண்டு. உயிரற்ற மரத்தைப் பிணம் என்றவர், அதே மரத்தை அடுப்பில் வைத்து எரிக்க மாத்திரம் அஞ்சவில்லை.

இக்காளானின் பொறுமை பெரிது. வெயில் வந்தால் பிளந்த வரிகள் சுருண்டு மூடிக்கொள்ளும். காளான் காய்ந்து சருகு போல் ஒட்டிக்கிடக்கும். செத்துவிட்டது என்றே நாம் கருதுவோம். மழை பெய்த சில மணி நேரத்தில் விரிந்து மீண்டும் வித்துத் தூவும். புல்லர் என்னும் அறிஞர் 1911இல் உலர்ந்த காளான்களைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தார். ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்குப் பின்னர் அவற்றை எடுத்து நனைத்தபோது அவை உயிர்த்தெழுந்து வித்துத் தூவின. இரண்டு உலகப் போர்களும் முடிந்துவிட்டன. இச்சிறு காளான் காத்திருந்தது.

நாம் காளான் என்று காண்பது அதன் பூவை ஒத்தது. உடல் மரத்தினுள்ளே வெண்ணூலாய் ஓடிக்கிடக்கிறது. அந்நூல் சுரக்கும் நீர் மரத்தின் நாரை அறுத்துக் கரைத்து உணவாக்குகிறது. வலிய மரம் மெலிந்து, பஞ்சாகி, பொடியாகி மண்ணாகிறது. கட்டைகளை உண்ணும் பூஞ்சணக் குலம் முழுதும் இத்தொழிலைச் செய்யாதிருந்தால் என்ன ஆகும்? விழுந்த மரமெல்லாம் விழுந்தபடியே கிடக்கும். மரம் மண்ணிலிருந்து வாங்கிய சத்து மண்ணுக்குத் திரும்பாது. புதுக்கன்றுக்கு இடமும் இராது, உணவும் இராது. குருவி நார் கிழிக்கும் புல்லும் அந்த மண்ணில்தான் முளைக்கிறது என்பதை மறக்கலாகாது.

வெள்ளை வேர் நோய்

'காளானின் கேட்டை ஏன் மறைக்கிறீர்?' என்று தோட்ட வேலையில் பழுத்தவர் கேட்பர். மறைக்கவில்லை. மேற்கூறிய காளானுக்கு வேறொரு கொடிய உறவு உண்டு. அதனால் வரும் நோயை வெள்ளை வேர் நோய் என்பர். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராய் இருந்தவரும், ரப்பரை இந்நாட்டில் பரப்புவதில் முன்னின்றவருமாகிய ரிட்லி 1904இல் ரப்பர் மரத்தில் இதனை முதன்முதலாகக் கண்டு எழுதினார். வெண்ணிறக் கயிறு போன்ற இழைகள் மண்ணுக்குள் வேர்வழியே ஊர்ந்து மரத்துக்கு மரம் தாவும். இலை மஞ்சளிக்கும்போது வேர் முன்னரே அழுகிப் போயிருக்கும். அடிமரத்தில் செம்மஞ்சள் நிறத் தட்டுகள் தோன்றும்போது செய்வதற்கு ஒன்றும் இராது.

இந்நோய் எங்கிருந்து வந்தது? காட்டில் அது முன்னரே இருந்தது. நூறு வகை மரம் கலந்து நின்ற காட்டில் அது ஒரு மரத்தைத் தின்றால் அடுத்த மரம் வேறினமாய் நின்று தடுக்கும். துரைமார் காட்டை வெட்டிக் கொளுத்தினர். பெருங்கட்டைகளை மண்ணிலேயே விட்டனர். கட்டைகளுக்கு நடுவே ஒரே இன மரத்தை வரிசை வரிசையாக நட்டனர். பழங்கட்டையில் இருந்த பூஞ்சணத்துக்கு இலைபோட்டு விருந்து வைத்தது போலாயிற்று. பின்னர் வேரைத் தோண்டிப் பார்க்கவும், நோய்ப்பட்டதை வெட்டி எரிக்கவும், நடுவே அகழி வெட்டவும் கூலி கொடுத்து நம்மவரை ஏவினர். நோயை வருவித்த முறை ஒருவருடையது. அகழி வெட்டிய முதுகு மற்றொருவருடையது. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்ட பின் இவ்வகை நோய்களைப் பற்றிய அறிவு பெருகிற்று. பழங்கட்டைகளை அகற்றுவதும், வரிசைகளின் நடுவே அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணிலேயே பூஞ்சணம் பசியால் அழியுமாறு செய்வதும் பரிகாரங்கள் ஆயின.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஓரினம் மாத்திரமே நெருங்கி நின்ற இடத்தில் நோய் எளிதில் ஓடுகிறது. வெட்டிய பின்னும் வேரை மண்ணில் விட்டுவைத்தால் அது புதுத் தலைமுறையைத் தொடுகிறது. ஜாதி என்னும் மரத்தை மேடையில் வெட்டிவிட்டு அதன் கட்டையை வீட்டுக்குள் புதைத்து வைத்திருக்கும் நம் சமூகத்துக்கு இது நன்கு பொருந்தும்.

கட்டுவோனும் அழிப்போனும்

குருவி கட்டுகிறது, காளான் அழிக்கிறது என்று பொதுவாகச் சொல்வர். ஆதலால் ஒன்று புகழுக்கும் மற்றொன்று இகழுக்கும் உரியனவாம். இத்தீர்ப்பு நிற்குமா என்று பார்ப்போம். குருவி கட்டுவதற்காகப் பச்சையிலையைக் கிழிக்கிறது; கூட்டமாய் இறங்கி விளைந்த நெல்லைத் தின்கிறது. நெல் விதைத்தவனைக் கேட்டால் அதனை அழிப்போன் என்பான். காளான் பெரும்பாலும் செத்ததை எடுத்துக்கொண்டு மண்ணைக் கட்டுகிறது. மண் வேண்டியவனைக் கேட்டால் அதனைக் கட்டுவோன் என்பான். கட்டுதலும் அழித்தலும் தொழிலில் இல்லை. கேட்பவனுடைய தேவையில் இருக்கின்றன.

மனிதரிடத்து இத்தீர்ப்பு செய்த கொடுமை சிறிதன்று. கோபுரம் கட்டியவனைப் புகழ்ந்தோம். அக்கோபுர வீதியின் சாக்கடையை அள்ளியவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். செத்த மாட்டை அகற்றி, அதன் தோலைப் பதமாக்கிச் செருப்பும் பறையும் செய்து கொடுத்தவனைத் தீண்டாதவன் என்றோம். அவன் ஒரு திங்கள் கைகட்டி நின்றிருந்தால் கோபுரவாசிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பர். கடல் கடந்து வந்தும் இப்புத்தி மாறவில்லை. ஒரே கங்காணியின் கீழ் ஒரே பிரட்டுக்கு நின்று, ஒரே கூலியை வாங்கியவர்கள், தோட்டத்து லயத்தில் மாத்திரம் ஜாதிக்கொரு வரிசை வேண்டும் என்றனர். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்ட காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களின் நிலை அதுவே. இன்று தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. வரிசை மாத்திரம் மனத்தில் நிற்கிறது.

ஒரு வீட்டில் கேட்ட வாதம்

நாம் முன்னர்க் குறித்த வழக்கை இனிக் கூறுவாம். தாப்பாவுக்கு அண்மையில் ஒரு குடும்பத்தில் மணப்பேச்சு எழுந்தது. பெண்ணும் பையனும் படித்தவர்கள். இருவரும் உழைத்துச் சம்பாதிப்பவர்கள். இருவருடைய பாட்டன்மாரும் ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசை மரத்தில் பால் வெட்டியவர்கள். ஒரே குழாயில் நீர் பிடித்த குடும்பங்கள். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். தடை ஜாதி ஒன்றே. இரு குடும்பத்தாருக்கும் பழக்கமானவர் என்பதால் நம்மை அழைத்திருந்தனர்.

பெண்ணின் பெரியப்பா நல்லவர். தம்பி மக்களைத் தம் மக்களாகவே வளர்த்தவர். அவர் நம்மைப் பார்த்து, "ஐயா, நீங்கள் படித்தவர்கள். குருவி குருவியோடு சேருகிறது. காக்கை காக்கையோடு சேருகிறது. இது மனிதன் போட்ட வேலி அன்று, இயற்கை போட்ட வேலி. இதை உடைக்க நாம் யார்?" என்றார்.

"பெரியவரே, இவ்விருவரில் யார் குருவி, யார் காக்கை?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை.

அப்போது உள்ளே நின்ற பெண் வெளியே வந்து, "என்னை ஒருவரும் இன்னும் கேட்கவில்லை, பெரியப்பா" என்றாள். அவ்வளவே சொன்னாள். வீட்டில் நெடுநேரம் பேச்சில்லை.

அப்பெரியவருடைய அச்சத்தை நாம் எள்ளவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது அவர் கோயிலை விட்டார்; லயத்தை விட்டார்; கூடி வாழ்ந்தவர் திசைக்கொருவராய்ச் சிதறியதைக் கண்டார். எஞ்சியது உறவு ஒன்றே. உறவு என்பது ஜாதி என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. இதையும் இழந்தால் தமக்கு என்ன மிஞ்சும் என்று அவர் நடுங்கினார். ஆயினும் நடுக்கம் நியாயம் ஆகாது. அவர் இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தார் ஆதலின், சாட்சியை நாமும் விசாரிப்போம்.

இரண்டு சாட்சிகள்

முதலில் குருவி. நமக்குப் பறவை நூல் கற்பித்த சலீம் அலி, 1930இல் பம்பாய்க்கு அண்மையிலுள்ள கீஹிம் என்னும் சிற்றூரில் தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்றைத் திங்கள் கணக்கில் பார்த்திருந்து எழுதினார். அவர் கண்டது இது: ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண்குருவிகள் வந்து புகுந்து பார்க்கும். இழுத்துப் பார்க்கும், சுற்றிப் பார்க்கும். பிடித்தால் ஒருத்தி அக்கூட்டை ஏற்றுக்கொள்வாள். பிறகே ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே கிடக்கும். ஆண் வேறு கூடு தொடங்க வேண்டியதுதான். கூட்டின் அழகைவிட அது தொங்கும் இடத்தின் காவலையே பெண்குருவி பெரிதும் நோக்குகிறது என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டனர். குருவியைச் சாட்சிக்கு அழைத்த பெரியவர் இதனை அறிந்தாரில்லை. அறிந்திருந்தால், குருவியின் முறைப்படி முதலில் பெண்ணையன்றோ கேட்டிருக்க வேண்டும்?

ஆனால் சாட்சியின் மறுபக்கமும் உண்டு. ஒருத்தி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் அவ்வாண்குருவி மற்றொரு கூடு கட்டி மற்றொருத்தியை அழைக்கப் போய்விடும். குஞ்சு வளர்க்கும் பாரம் பெரிதும் தாய்மேல் விழும். புலவர்கள் குடும்பத்துக்கு இலக்கணமாய்ப் போற்றிய கூட்டின் கதை இதுவே. குருவியையே நாம் சட்டமாக ஏற்றால் பல தார மணத்தையும் உடன் ஏற்க நேரும்.

இனிக் காளான். இதனிடத்தில் ஆண் என்றும் பெண் என்றும் பிரிவு இல்லை. ஆனால் கூடும் வகைகள் உள. எத்தனை? இரண்டு அல்ல, நான்கு அல்ல, 23,000க்கும் மேல். 1920இல் ஜெர்மனி நாட்டுக் நீப் என்பவர் இக்கலப்பு முறையின் அடிப்படையைக் கண்டார். பின்னர் அமெரிக்காவில் ராப்பர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உலகெங்கிலுமிருந்து காளான்களைத் திரட்டி இத்தொகையை மதிப்பிட்டனர். அதன் விதி ஒன்றே: தன் வகையோடு கூடாது. ஒரே காளானின் வித்துக்களுக்குள் 4இல் 1 இணையே பொருந்தும். முற்றும் அயலான காளான் ஒன்றைச் சந்தித்தால் 100க்கு 98 முறை பொருந்தும். அயலாரிடத்தே வாயிலைத் திறந்தும், தன்னிடத்தே மூடியும் வைத்திருக்கிற உயிர் இது.

அவை கூடும் முறையும் நோக்கத்தக்கது. இரு நூல்கள் சந்தித்தால் ஒன்று கொடுப்பதும் மற்றொன்று வாங்குவதும் என்றில்லை; இரண்டும் தம் உயிர்க்கருவைக் கொடுக்கின்றன, இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. கொடுத்தபின் ஒன்றின் கரு மற்றொன்றின் கருவை விழுங்குவதில்லை. ஒரே அறையில் இரு கருக்களும் தனித்தனியே, அருகருகே இருந்து நெடுங்காலம் வாழ்கின்றன. வித்து உண்டாகும் வேளையில்தான் ஒன்றாகின்றன. பெண்ணின் பெயரையும் குலத்தையும் விருப்பத்தையும் விழுங்குவதே மணம் என்று கொண்டாடும் நம்மவர், இழிந்தது என்று காலால் எற்றும் காளானிடத்தில் இதனைக் காணலாம்.

இயற்கை சட்டம் ஆகுமா?

'அங்ஙனமாயின் காளானைப் பின்பற்றுக என்கிறீரா?' எனில், அன்று. காளானுக்கு அன்பு இல்லை, கடமை இல்லை, பிள்ளையை அறியாது. இயற்கை வேலி போட்டது என்ற பெரியவருக்கு நாம் கூற விரும்புவது, இயற்கை அவர் பக்கமும் பேசாது, நம் பக்கமும் பேசாது என்பதே. குருவியும் காக்கையும் வேறு வேறு இனம். கூடினாலும் குஞ்சு இல்லை. தமிழனும் தமிழனும், ஏன், எந்நாட்டு மனிதனும் எந்நாட்டு மனிதனும், ஒரே இனம். குட்டைக்கரைத் தூக்கணாங்குருவி தன்னைப் போன்ற மற்றொரு குருவியிடம் 'உன் பாட்டன் எந்த மரத்தில் கூடு கட்டினான்?' என்று கேட்பதில்லை. இவ்வளவே இயற்கையின் வாக்குமூலம். மேற்கொண்டு நமக்கு வழிகாட்ட வேண்டியது நம் அறிவு.

அறிவுடையோர் கூடி வகுத்த சட்டம் அதனைச் செய்திருக்கிறது. 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என வரையறுத்தது, வயதைக் கேட்கிறது, இருவருடைய சம்மதத்தையும் கேட்கிறது. ஆண்குருவியின் வழக்கத்தை அது ஏற்கவில்லை. பெண்குருவியின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஜாதி அதற்கு ஒரு தகுதியும் அன்று, தடையும் அன்று.

அவ்விருவருடைய மணம் பதிவாயிற்று. பெண்ணின் தந்தையார் வந்து மகளின் அருகே நின்றார். பெரியப்பா வரவில்லை. இதனை எழுதும் இன்றுவரை அவர் அவ்வீட்டுப் படி ஏறவில்லை. வழியில் நம்மைக் கண்டால் வணக்கம் சொல்வார், வேறு பேசமாட்டார். தாம் வளர்த்த பெண்ணை இழந்தவர் அவர். தம்மை வளர்த்தவரை இழந்தவள் அப்பெண். இருவருக்கும் இடையே நிற்பது இவர்களுள் ஒருவரும் கண்டறியாத, கடலுக்கு அப்பால் எப்போதோ எவரோ வரைந்த ஒரு கோடு.

குறுந்தொகையில் குருவிக்கூடு வருகிறது என்றோமே, அப்பாட்டில் சொல்லப்படும் செய்தியும் இதுவே. தலைவியின் காதல் மறைவில் இருந்தவரை ஊர் அக்கூட்டினும் சிக்கலாய் மயங்கிக் கிடந்தது. பெற்றோர்க்கு உண்மையை எடுத்துக் கூறியபின் அவர்கள் இசைந்தனர், ஊரும் தெளிந்தது. ஈராயிரம் ஆண்டின் முன்னர்த் தமிழ்ப் பெற்றோரால் இயன்றது நம்மால் இயலாதா?

பெரியப்பாவைப் போன்ற பெரியோர்கள் நம் தோட்டக் குடும்பங்களிலும் நகரக் குடும்பங்களிலும் பலர் உளர். அவர்களில் சிலரேனும் இதனைப் படிப்பர், அல்லது பிறர் படிக்கக் கேட்பர் என்று நம்புகிறோம். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்று. தோட்டம் போனதற்கு உங்கள் மகளின் மணம் காரணம் அன்று. அதனை மறுப்பதால் தோட்டம் திரும்பாது. உறவு குறைந்துவிட்டது என்று அஞ்சுகிறவர் உறவைப் பெருக்க அன்றோ வழி தேட வேண்டும்? இவ்வாரமே புறப்பட்டுப் போய் அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திறப்பவள் நீங்கள் வளர்த்த பெண்.